பழைய கடனும் பத்திரத் தேதியும்

பூச்சிமருந்து வாங்கும்போது டப்பாவின் மேல் அச்சிட்டுள்ள காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குகிறீர்கள். விதை மூட்டையில் கட்டியுள்ள அட்டையைத் திருப்பி, எந்த நாள் வரை அந்த விதை செல்லும் என்று பார்க்கிறீர்கள். கடன் பத்திரத்துக்கும் அப்படி ஒரு தேதி உண்டு. அதை யாரும் அச்சிட்டுத் தருவதில்லை. பத்திரம் எழுதிய நாளிலிருந்து நாமே கணக்குப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கணக்கு தெரியாததால், கோர்ட்டில் நிற்காத கடனுக்குப் புதுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, தாமே மறுபடியும் கடனாளி ஆகிவிடுபவர்கள் உண்டு. உரத்துக்கும் பயிர்நோய்க்கும் உரிய பக்கத்தில் கோர்ட் விஷயம் எதற்கு என்று கேட்கலாம். ஒரு போகத்து மகசூல் முழுவதும் ஒரு கையெழுத்தில் போய்விடக்கூடும் என்பதால்தான் எழுதுகிறோம்.

சம்பா அறுவடை முடிந்து தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் மூட்டைகள் வரும் நாட்களில்தான் பழைய கடன்களுக்கும் உயிர் வருகிறது. பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம், திருக்கனூர் பக்கத்து விவசாயிகள் கையில் நாலு காசு புரளும் காலம் அது என்பது கடன் கொடுத்தவருக்கும் தெரியும். அவர் அனுப்பும் வசூல்காரருக்கும் தெரியும். வருகிறவர் எடுத்த எடுப்பில் சண்டை போடுவார் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் பக்குவமாகவே பேசுவார். "பெரியவரே, முழுப் பணமா கேக்கறேன்? ஒரு ஐந்நூறு குடுங்க. இந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போடுங்க. மீதியை அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். அந்த ஐந்நூறும் அந்தக் கையெழுத்தும்தான் அவருக்கு வேண்டியவை. ஏன் என்பதைக் கீழே விளக்குகிறோம்.

முப்பது ஆண்டு என்ற எண்ணம்

கடனை முப்பது ஆண்டு வரை கேட்கலாம் என்ற எண்ணம் புதுவையில் எவருக்கேனும் இருந்தால் அதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் இங்கு நடைமுறையில் இருந்த பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தில் பொதுவான காலவரம்பு 30 ஆண்டுகள். (பிரான்சு நாட்டிலேயே 2008-ஆம் ஆண்டில் அதை 5 ஆண்டுகளாகக் குறைத்துவிட்டார்கள்.) 1954 நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் சட்டப்படியும் புதுவை இந்தியாவோடு இணைந்தது. அதன் பின் இந்தியச் சட்டங்கள் ஒவ்வொன்றாக இங்கு வந்தன. நாடு முழுவதற்குமான 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் 1964 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இப்போது ஒருவர் கடனுக்காகத் தாவா போட்டால் கோர்ட் பார்ப்பது இந்தச் சட்டத்தைத்தான். போர்த்துக்கீசியர் ஆண்ட கோவாவிலும் இதே கேள்வி எழுந்து, வங்கி ஒன்றின் கடன் வழக்கில் 2001-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் பழைய போர்த்துக்கீசியச் சட்டத்தின் காலவரம்பு செல்லாது, இந்தியக் காலவரம்புச் சட்டமே செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இடையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1938-இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து வட்டிப் பாக்கியைக் குறைத்தது. கடலூர்ப் பக்கத்து விவசாயிக்குக் கிடைத்த அந்த நிவாரணம், வரப்புக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த பாகூர் விவசாயிக்கு இல்லை. எல்லைக்கோடு இன்றும் வயல்களுக்கு நடுவேதான் ஓடுகிறது. அதனால் வரும் சிக்கலைப் பின்னால் பார்ப்போம்.

மூன்று ஆண்டுக் கணக்கு

கைமாற்றாக வாங்கிய கடனுக்கும், கேட்டபோது தருவதாக எழுதிய புரோநோட்டுக்கும் காலவரம்பு 3 ஆண்டுகள். கடன் வாங்கிய நாள் அல்லது நோட்டு எழுதிய நாளிலிருந்து கணக்கு. கெடு வைத்து எழுதியிருந்தால் கெடு முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள். உரக்கடையில் கடனாக வாங்கிய சரக்குக்கும், தவணை ஏதும் பேசாதபோது, சரக்கு எடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுகள்தான். மண்டியில் முன்பணம் வாங்கிக்கொண்டு அதே மண்டியில் காய்கறியோ வாழையோ போட்டு வருபவர்களுக்குக் கணக்கு சற்று மாறும். இருபக்கமும் கொடுக்கல் வாங்கல் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கு என்றால், கடைசி வரவு செலவு எழுதிய ஆண்டு முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள்.

நிலத்தையோ வீட்டையோ பதிவு செய்த அடமானத்தில் வைத்து வாங்கிய கடனுக்கு 12 ஆண்டுகள். கோர்ட்டில் ஏற்கெனவே டிக்கிரி ஆகியிருந்தால் அதை நிறைவேற்றவும் 12 ஆண்டுகள் உண்டு. ஆகவே பத்து ஆண்டுக்கு முந்தைய கடன் என்ற ஒரே காரணத்தால் அது போய்விட்டது என்று இருந்துவிடக்கூடாது. இடையில் டிக்கிரி ஆகியிருக்கிறதா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். அரசு தனக்குச் சேரவேண்டிய பாக்கிக்குத் தாவா போட இன்றும் 30 ஆண்டுகள் உண்டு. அந்தப் பழைய முப்பது அங்கே மட்டும் இருக்கிறது.

கொரோனாக் காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2020 மார்ச்சு 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையுள்ள நாட்களைக் காலவரம்புக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. அது 716 நாள். எடுத்துக்காட்டாக, 2018 ஜூன் 10-ஆம் நாள் எழுதிய புரோநோட்டு சாதாரணமாக 2021 ஜூனில் காலம் கடந்திருக்கும். இந்த விலக்கினால் அது 2023 மே மாதக் கடைசி வரை நின்றது. பழைய நோட்டைக் கணக்குப் பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

காலவரம்பு கடந்த கடனுக்குத் தாவா போட்டால், எதிர்வாதி அதைச் சொல்லாவிட்டாலும் கோர்ட் தாவாவைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆனால் காலம் கடந்ததால் கடனே மறைந்துவிட்டது என்று பொருளல்ல. கோர்ட் மூலம் வசூலிக்கும் வழிதான் அடைபடுகிறது. நீங்களாக விரும்பிப் பணம் கொடுத்தால் அது முறையான கொடுப்பினையே. திரும்பக் கேட்க முடியாது. ஈடாகக் கொடுத்த நகை அவர் கையில் இருந்தால், கடன் காலம் கடந்துவிட்டது, நகையைச் சும்மா கொடு என்றும் கேட்க முடியாது. உதவி வேண்டிய நேரத்தில் பணம் கொடுத்த மனிதருக்கு, வசதி வந்தபோது திருப்பிக் கொடுப்பது நல்லதுதான். அதைத் தடுப்பது நம் நோக்கமன்று. கொடுப்பதானால் தெரிந்து கொடுக்க வேண்டும். எவ்வளவு, எதற்காக என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

வரவு எழுதும் வழக்கம்

நம் பகுதியில் புரோநோட்டின் பின்பக்கத்தில் வரவு எழுதும் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே. "இன்ன தேதியில் ரூபாய் 100 வரவு" என்று எழுதிக் கீழே கடனாளி கையெழுத்திடுவார். 3 ஆண்டு முடிவதற்குள் இப்படி ஒரு வரவு எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால், அந்த நாளிலிருந்து மீண்டும் ஒரு 3 ஆண்டு கிடைத்துவிடும். மூன்றாண்டுக்கு ஒருமுறை நூறு ரூபாய் வாங்கி வரவு எழுதியே ஒரு நோட்டை இருபது ஆண்டு உயிரோடு வைத்திருக்கலாம். வரவு எழுத்து கடனாளியின் கையெழுத்திலோ, அவர் ஒப்பமிட்டோ இருக்க வேண்டும், கைநாட்டும் ஒப்பமே. கடன் கொடுத்தவர் தாமாக எழுதிக்கொண்ட வரவு செல்லாது. காசோலையாகக் கொடுத்தால் காசோலையில் உள்ள கையெழுத்தே போதுமானதாகிவிடும்.

பணமே கொடுக்காமல், "கடன் பாக்கி இருப்பது உண்மை" என்று எழுதிக் கையெழுத்திட்டாலும் இதே பலன்தான். வங்கிகள் கேட்டு வாங்கும் நிலுவை ஒப்புதல் கடிதம் இதற்காகத்தான். வக்கீல் நோட்டீசுக்குத் தாமே பதில் எழுதுபவர்கள், "வாங்கியது உண்மை, மழை பொய்த்துவிட்டது, அறுவடை ஆனதும் தருகிறேன்" என்று மனசாட்சியோடு எழுதிவிடுகிறார்கள். காலவரம்பு முடியாத கடனுக்கு அது புதிய 3 ஆண்டு. கைபேசியில் அனுப்பும் செய்தியையும் எழுத்தென்று வாதாட இடம் உண்டு. ஆகவே பத்திரத்தைப் பார்க்கும் வரை கைபேசியில் தவணை பேச வேண்டாம்.

காலவரம்பு முடிந்த பிறகு எழுதும் வெறும் வரவோ ஒப்புதலோ பழைய கடனை உயிர்ப்பிக்காது. ஆனால் "அந்தப் பழைய கடனைத் தருகிறேன்" என்று வாக்குறுதியாக எழுதிக் கையெழுத்திட்டால், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அது புதிய ஒப்பந்தமாகச் செல்லும். பழைய நோட்டைக் கிழித்துவிட்டுப் புது நோட்டு எழுதிக் கொடுப்பதும் அப்படியே. வசூல்காரர் நீட்டும் தாளில் இருப்பது வரவா, வாக்குறுதியா, புது நோட்டா என்பதை வாசலில் நின்றபடி ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது. ஆதலால் அன்றைக்கு எதிலும் கையெழுத்திடுவதில்லை என்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். "தாளைக் கொடுத்துவிட்டுப் போங்கள், வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறேன்" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

உரக்கடைக்காரர் ஒருவரிடமே பழைய நோட்டுப் பாக்கியும் இந்தப் பட்டத்து உரப்பாக்கியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் 10,000 ரூபாய் கொடுக்கிறீர்கள், எதற்கென்று சொல்லவில்லை. அப்படியானால் அவர் அதைக் காலம் கடந்த பழைய பாக்கியிலேயே வரவு வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. "இந்தப் பணம் இன்ன மாதத்து யூரியா, டி.ஏ.பி. பாக்கிக்கு" என்று நீங்கள் சொல்லிக் கொடுத்தால், அவர் அதை ஏற்று வாங்கிய பின் வேறு கணக்கில் வைக்க முடியாது. ரசீதில் அந்த ஒரு வரியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தேதி எழுதாத நோட்டு

இதுவரை சொன்ன கணக்கு முழுவதும் பத்திரத்தில் உள்ள தேதியைப் பொறுத்தது. தேதியே எழுதாமல் வெற்று நோட்டில், ரெவினியூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருந்தால் என்ன ஆகும்? ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்திட்டு வெற்றாகக் கொடுத்த நோட்டை நிரப்பிக்கொள்ள, அதை வைத்திருப்பவருக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டம் அதிகாரம் தருகிறது. நோட்டில் எந்தத் தேதி இருக்கிறதோ அந்தத் தேதியில்தான் அது எழுதப்பட்டது என்றும், பணம் கைமாறியது என்றும் கோர்ட் முதலில் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு கையெழுத்திட்டவருடையது. 2012-இல் கொடுத்த வெற்று நோட்டில் 2024 என்று எழுதிக்கொண்டால், அந்தக் கடனுக்கு வயதே ஆகாது. எங்கள் கருத்தில், அதிக வட்டியைவிட இதுவே பெரிய ஆபத்து. வட்டி எவ்வளவு என்பதாவது கண்ணுக்குத் தெரிகிறது.

வெற்றுக் காசோலையிலும் இதே ஆபத்து உண்டு. கூடுதலாகக் குற்ற வழக்கும் வரும். காசோலை பணமில்லாமல் திரும்பினால் 30 நாளுக்குள் உங்களுக்கு நோட்டீசு அனுப்புவார்கள். நோட்டீசு கைக்கு வந்து 15 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் வழக்குப் போடலாம். அந்த 15 நாளை வீணாக்காமல் வக்கீலைப் பார்க்க வேண்டும்.

இனி கடன் வாங்க நேர்ந்தால் தேதியையும் தொகையையும் உங்கள் கையாலேயே எழுத்தாலும் எண்ணாலும் எழுதுங்கள். நோட்டின் இரு பக்கங்களையும் பையன் கைபேசியில் படம் எடுத்து வைக்கட்டும். எழுதும்போது கூட இருந்தவர்கள் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். சாட்சிக் கையெழுத்துப் போடப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாட்சி வேறு, ஜாமீன் வேறு. சாட்சி என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டவர் கடனுக்குப் பொறுப்பாகமாட்டார். ஜாமீன்தாரர் கடனாளிக்குச் சமமான பொறுப்புடையவர். எந்தச் சொல்லுக்குக் கீழே கையெழுத்திடுகிறோம் என்று பார்த்துப் போடவேண்டும்.

வருகிறவர் யார்?

கடன் கொடுத்தவரே வருவது ஒரு விதம். வேறு ஒருவர் வருவது இன்னொரு விதம். வேறு ஒருவர் வந்தால் யார் அனுப்பியது, அதற்கு எழுத்து எங்கே என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. "அந்தக் கடனை நான் வாங்கிவிட்டேன், இனி எனக்குக் கொடு" என்று சொன்னால், கடனை மாற்றிக் கொடுத்த பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். கடன் மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். மாற்றியதை அறியாமல் பழைய கடன்காரருக்கே நீங்கள் கொடுத்த பணம் செல்லும்.

வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் சார்பில் வருகிறவர் என்றால் அடையாள அட்டையும் நிறுவனம் கொடுத்த அதிகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும். வசூல் முகவர்களுக்கு ரிசர்வ் வங்கி 2008-ஆம் ஆண்டிலேயே நெறிமுறை வகுத்தது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடனுக்காகத் தொலைபேசியில் அழைக்கக்கூடாது, மிரட்டக்கூடாது, ஊரார் முன் அவமானப்படுத்தக்கூடாது என்று 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டது. மீறினால் முதலில் அந்த வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியாக இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம்; கட்டணம் இல்லை.

2016 மார்ச்சு மாதம் தஞ்சை மாவட்டம் ஒரத்தநாடு பகுதியில், டிராக்டர் கடன் தவணைப் பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீசார் அடித்து இழுத்து டிராக்டரைப் பறித்த காட்சி தொலைக்காட்சிகளில் வந்து நாடே பேசியது. ஈடாக எழுதிக் கொடுத்த வண்டியை எடுத்துக்கொள்ள ஒப்பந்தத்தில் இடம் இருக்கலாம். ஆனால் ஆள்பலம் காட்டி எடுப்பது கூடாது என்று 2007-ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் ஒரு வங்கியின் வழக்கில் கண்டித்திருக்கிறது. கடன் பாக்கி உரிமையியல் விவகாரம். "ஸ்டேஷனுக்கு வா, பேசி முடிக்கலாம்" என்று அழைத்தால், எழுத்தில் என்ன புகார் இருக்கிறது என்று கேளுங்கள். மிரட்டல், வீடு புகுதல், பொருளைத் தூக்கிச் செல்லுதல் ஆகியவை கடன் இருந்தாலும் குற்றமே. அவற்றுக்கு நீங்கள் புகார் கொடுக்கலாம்.

கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அது தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இயற்றியது. தனிச் சட்டமன்றம் உள்ள புதுவைக்கு அது தானாக வந்துவிடாது. வீடு கரிக்கலாம்பாக்கத்திலும் கடன் கடலூரிலும் என்று இருப்பவர்கள், பணம் எங்கே கைமாறியது, நோட்டு எங்கே எழுதப்பட்டது என்பதைக் குறித்துவைக்க வேண்டும். எந்தச் சட்டம் பொருந்தும், எந்த ஊர்க் கோர்ட்டில் தாவா வரும் என்பதெல்லாம் அதைப் பொறுத்ததே. கடலூரில் எழுதிய நோட்டுக்குக் கடலூர்க் கோர்ட்டிலேயே தாவா போட இடம் உண்டு. புதுவையில் இருக்கிறோம், நமக்கென்ன என்று சம்மனைத் தள்ளிவிடக்கூடாது.

கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு இந்த வாசல் வழக்கங்கள் பொருந்தா. சங்கம் கோர்ட்டுக்குப் போகாமலே, கூட்டுறவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவாளர் மூலம் உத்தரவு பெற்று வசூலிக்கலாம். சங்கத்திலிருந்து வரும் நோட்டீசை ஒருநாளும் மூலையில் போட வேண்டாம். மிகப் பழைய பயிர்க்கடன் என்றால், அது தள்ளுபடி ஆன கடனா என்று முதலில் பாருங்கள். 1997 ஏப்ரல் முதல் 2007 மார்ச்சு 31 வரை வாங்கி, 2007 டிசம்பர் 31-இல் தவணை தவறி, 2008 பிப்ரவரி 29 வரை கட்டப்படாமல் இருந்த பயிர்க்கடன்கள் 2008-ஆம் ஆண்டு மத்திய அரசின் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு முழுவதும் தள்ளுபடி ஆயின. அத்திட்டத்தைத் தணிக்கை செய்த மத்தியத் தணிக்கைத் துறை, தான் பார்த்த கணக்குகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் விவசாயிக்குத் தள்ளுபடிச் சான்று கொடுத்ததற்கு அத்தாட்சியே இல்லை என்று 2013-இல் எழுதியது. சான்று கையில் இல்லாதவர்கள் வங்கிக்கு எழுதிக் கணக்குநகல் கேட்க வேண்டும்.

கோர்ட்டிலிருந்து தாள் வந்தால்

வசூல்காரரை வாசலோடு அனுப்பலாம். கோர்ட் சம்மனை அப்படி அனுப்பக்கூடாது. சம்மனை வாங்க மறுத்தாலும் கொடுத்ததாகவே கருதப்படும். நீங்கள் போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக டிக்கிரி ஆகிவிடும். காலம் கடந்த கடனைக் கோர்ட் தானே தள்ளிவிடுமே என்று கேட்கலாம். கோர்ட் பார்ப்பது அதன் முன் வைத்த தாள்களை மட்டும். நோட்டின் பின்னால் பொய்யாக ஒரு வரவு எழுதியிருந்தால், "அது என் கையெழுத்து இல்லை" என்று சொல்ல ஆள் இல்லாதபோது அது உண்மையாகிவிடும். டிக்கிரி ஆனபின் 3 ஆண்டுக் கணக்கு முடிந்தது. 12 ஆண்டுக் கணக்கு தொடங்குகிறது.

சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். நோட்டுக் கடன்களுக்கு உரிய சுருக்க விசாரணைத் தாவா என்றால் 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும். ஒருதலைப்பட்ச டிக்கிரி ஆகிவிட்டது என்று தெரிந்தால், அதை நீக்கக் கோர 30 நாள்தான் கெடு. புதுவையில் கடலூர் சாலையிலுள்ள நீதிமன்ற வளாகத்திலேயே சட்ட உதவி கேட்கலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர் ஆகியோருக்கும், வருமானம் குறிப்பிட்ட வரம்புக்குள் உள்ளவர்களுக்கும் வக்கீல் இலவசம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். லோக் அதாலத்தில் சமரசம் பேச அழைத்தால் போகலாம். பல சமயம் வட்டி குறையும். ஆனால் அங்கு கையெழுத்திட்டது டிக்கிரிக்குச் சமம், அப்பீல் இல்லை. கட்ட முடிந்த தொகைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

டிக்கிரி ஆகி அமீனா ஜப்திக்கு வந்தாலும் எல்லாவற்றையும் எடுத்துப் போக முடியாது. விவசாயி குடியிருக்கும் சொந்த வீடு, ஏர் முதலிய உழவுக் கருவிகள், பிழைப்புக்குத் தேவை என்று கோர்ட் கருதும் மாடுகள், விதை நெல், சமையல் பாத்திரம், படுக்கை, உடுக்கும் துணி, மத வழக்கப்படி பெண்கள் கழற்றக்கூடாத நகை ஆகியவற்றுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. நிலத்துக்கு அந்த விலக்கு இல்லை. வீட்டையே அடமானம் வைத்திருந்தால் வீட்டுக்கும் இல்லை. பணம் கட்டாததற்காக ஜெயில் என்று மிரட்டுவார்கள். வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவரைத்தான் சிறையில் வைக்க முடியும். ஏழ்மையால் கட்ட முடியாதவரை வைக்கக்கூடாது என்று 1980-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. பணக் கடனுக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது.

தகப்பனார் வாங்கிய கடன்

கருமாதி முடிந்த கையோடு நோட்டை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தில் உங்கள் கைக்கு வந்தது எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் வாரிசு பொறுப்பு. உங்கள் சொந்தச் சம்பாத்தியத்துக்கு அந்தக் கடன் வராது. தகப்பன் கடனை மகன் தீர்ப்பது தருமம் என்ற பழைய இந்துச் சட்டப் பொறுப்பை, 2005 செப்டம்பர் 9-க்குப் பின் ஏற்பட்ட கடன்களுக்கு வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் நீக்கிவிட்டது. ஆனால் "அப்பா கடனை நான் கொடுக்கிறேன்" என்று மகன் ஒரு தாளில் கையெழுத்திட்டால், அது மகனுடைய கடன் ஆகிவிடலாம். துக்க வீட்டில் எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம். கைம்பெண்ணான தாயாரிடம் கைநாட்டு வாங்கவும் விடவேண்டாம்.

கடனை முடித்துக்கொள்ளும்போது

கணக்குப் பார்த்ததில் கடன் காலவரம்புக்குள்தான் இருக்கிறது, கொடுக்கவும் வேண்டும் என்று தெரிந்தால், முதலில் அசலையும் வட்டியையும் தனித்தனியே எழுதிக் கேளுங்கள். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்பது ஆண்டுக்கு நூற்றுக்கு 36. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மாதம் 1,500, ஆண்டுக்கு 18,000. இரண்டரை ஆண்டில் 45,000. அதற்கு மேல் கேட்டால் வட்டிக்கு வட்டி போட்டிருக்கிறார்கள் என்று பொருள். தாவாவுக்குப் போனால் டிக்கிரிக்குப் பிந்திய காலத்துக்குச் சாதாரணமாக நூற்றுக்கு ஆண்டுக்கு 6-க்கு மேல் கோர்ட் வட்டி தருவதில்லை என்பது அவருக்கும் தெரியும். பேசிக் குறைக்க அது உதவும்.

பணத்தைச் சாட்சி வைத்தோ வங்கி வழியாகவோ கொடுங்கள். கொடுத்த அன்றே நோட்டைத் திரும்ப வாங்கிக் கையெழுத்துள்ள பகுதியைக் கிழித்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளுங்கள். நோட்டு காணாமல் போய்விட்டது என்றால், "இன்ன தேதி நோட்டுக் கடன் முழுவதும் பெற்றுக்கொண்டேன், நோட்டு தொலைந்துவிட்டது, கிடைத்தாலும் செல்லாது" என்று எழுதி வாங்க வேண்டும். வெற்றுக் காசோலை கொடுத்திருந்தால் அதன் எண்ணையும் அந்த ரசீதில் சேர்க்க வேண்டும்.

அடமானக் கடன் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமான ரத்து ரசீதைப் பதிவு செய்து, ஒரு மாதம் கழித்து வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிடுங்கள். வங்கியில் வைத்த நிலப் பத்திரத்தைக் கடன் முழுவதும் கட்டிய 30 நாளுக்குள் திருப்பித் தரவேண்டும் என்றும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு கொடுக்க வேண்டும் என்றும் 2023 டிசம்பர் முதல் நாளிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி உண்டு. பத்திரம் வாங்கும்போது பாக்கி இல்லை என்ற சான்றையும் கேட்டு வாங்கி, இரண்டையும் பட்டாவோடு ஒரே உறையில் வையுங்கள்.